டிரைவரை கர்னலுக்கு வெளியே வைத்தால், போர்ட்டை எப்படிக் கொடுப்பது?

கேள்வி சுருக்கமாக இது. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிக்கு நீங்கள் சொந்தமாக ஒரு மைக்ரோகர்னல், அதாவது டிரைவர்களைத் தன்னுள் வைக்காத சிறிய கர்னல் எழுதுகிறீர்கள். டிரைவர்கள் மற்ற புரோகிராம்களைப் போலவே ரிங் 3-இல், அதாவது சிபியூவின் மிகக் குறைந்த உரிமை நிலையில் ஓட வேண்டும். ஆனால் சாதனங்களோடு பேசும் எண்ணிட்ட வாசல்களான போர்ட்களைப் படிக்க, எழுத அவற்றுக்கு இன், அவுட் கட்டளைகள் வேண்டும். டிரைவர் புராசஸுக்கு மட்டும் ஐஓபிஎல்லை (எந்த ரிங் வரை போர்ட்டைத் தொடலாம் என்ற சிபியூ அமைப்பு) 3 ஆக்கிவிட்டால் போதாதா, லினக்ஸில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

போதாது. வேலை நடக்கும், பாதுகாப்பு இருக்காது. இஃப்ளாக்ஸ் ரெஜிஸ்டரில் 12, 13 ஆகிய இரண்டு பிட்கள்தான் ஐஓபிஎல். அதை 3 ஆக்கினால் 65,536 போர்ட்களும் மொத்தமாகத் திறந்துவிடும். சீரியல் போர்ட்டுக்கு எட்டு எண்கள் போதும்; ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, டைமர் எல்லாவற்றின் சாவியையும் சேர்த்துக் கொடுத்திருப்பீர்கள். அதைவிட மோசம், இன்டரப்ட்டை அணைக்கும் சிஎல்ஐ, திறக்கும் எஸ்டிஐ கட்டளைகளுக்கும் இதே பிட்கள்தான் காவல். டிரைவர் சிஎல்ஐ போட்டுவிட்டு முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டால் டைமர் இன்டரப்ட் வராது. அந்த சிபியூ திரும்ப உங்கள் கர்னல் கைக்கு வராது. டிரைவரை வெளியே தள்ளியதே அது கெட்டாலும் கணினி பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் காரணமே அடிபட்டுப் போகிறது.

லினக்ஸும் பல வருடங்கள் இதை அப்படியே வைத்திருந்தது. 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பில்தான் மாற்றினார்கள். இப்போது ஐஓபிஎல் சிஸ்டம் காலை (புரோகிராம் கர்னலிடம் கேட்கும் அழைப்பு) அழைத்தால் உண்மையான ஐஓபிஎல் பிட்கள் மாறுவதில்லை. எல்லா போர்ட்டையும் அனுமதிக்கும் ஒரு பிட்மேப்பைக் கர்னல் மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். போர்ட்கள் பழையபடி திறக்கும். சிஎல்ஐ போட்டாலும் இன்டரப்ட் அணையாது.

அந்த பிட்மேப்தான் நீங்கள் பார்க்க வேண்டிய இடம். 80386-இலிருந்து இருக்கிறது, 64 பிட் மோடிலும் வேலை செய்கிறது. ஒவ்வொரு சிபியூவுக்கும் கர்னல் வைக்கும் டிஎஸ்எஸ் என்ற நினைவக அமைப்புக்குள் ஒரு போர்ட்டுக்கு ஒரு பிட் வீதம் 65,536 பிட்கள், அதாவது 8,192 பைட்கள். பிட் 0 என்றால் அனுமதி, 1 என்றால் மறுப்பு. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அப்படித்தான், முதல் தடவை எழுதுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. ரிங் 3-இல் இருக்கும் புரோகிராம் இன் அல்லது அவுட் போடும்போது, ஐஓபிஎல் அனுமதிக்காவிட்டால் சிபியூ இந்த பிட்டைப் பார்க்கும். 1 இருந்தால் கட்டளை நடக்காது, கர்னலுக்குப் பிழை போகும்: ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட்.

இதில் இரண்டு நுணுக்கங்கள். சிபியூ எப்போதும் அடுத்தடுத்த இரண்டு பைட்களைச் சேர்த்தே படிக்கும். அதனால் பிட்மேப் முடிந்ததும் எல்லா பிட்டும் 1 ஆக உள்ள ஒரு பைட் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக 8,193 பைட்கள். இதை மறந்தால் கடைசி எட்டு போர்ட்களில் தாறுமாறான நடத்தை வரும். அடுத்தது, டிஎஸ்எஸ்ஸில் பிட்மேப் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் புலத்தில் டிஎஸ்எஸ்ஸின் எல்லையைத் தாண்டிய ஒரு எண்ணை வைத்தால், பிட்மேப்பே இல்லை, எல்லா போர்ட்டும் மூடியது என்று பொருள். சாதாரண புராசஸ்களுக்கு இதுதான் இயல்புநிலையாக இருக்க வேண்டும். அப்போது புராசஸ் மாறும்போதெல்லாம் 8 கேபி காப்பி செய்ய வேண்டியதில்லை. அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும். டிரைவருக்கு மாறும்போது மட்டும் அதன் பிட்மேப்பை இடுங்கள். லினக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பிட்மேப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, டிஎஸ்எஸ்ஸில் ஏற்கெனவே அதே எண்ணுள்ளது இருந்தால் காப்பியையே தவிர்க்கிறது.

இந்த மாதிரி சிக்கனத்தில் வழுக்கி விழவும் செய்யலாம். அதே 5.5 பதிப்பின் மாற்றத்தில், ஜென் ஹைப்பர்வைசரில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் அடுக்கு) பிவி முறையில், அதாவது அந்த அடுக்கோடு ஒத்துழைத்து ஓடும் லினக்ஸில் ஒரு ஓட்டை வந்தது. அங்கே டிஎஸ்எஸ்ஸை லினக்ஸ் நேரடியாகத் தொட முடியாது, ஜென்னிடம் சொல்ல வேண்டும். பிட்மேப்பைச் செல்லாததாக்கும் புதிய வழியில் ஜென்னிடம் சொல்வது விட்டுப்போயிற்று. விளைவு, ஒரு புராசஸுக்குக் கொடுத்த போர்ட் அனுமதி சம்பந்தமே இல்லாத இன்னொரு புராசஸுக்குக் கிடைக்க வாய்ப்பு. 2020-இலேயே சரிசெய்தார்கள். லினக்ஸ் கர்னலில் கைதேர்ந்தவர்கள் எழுதிய இடத்திலேயே இது நடந்தது என்பதால் சொல்கிறேன். உங்கள் கர்னலில் முதலில் சிக்கனம் எதுவும் இல்லாமல், புராசஸ் மாறும்போதெல்லாம் முழுதாகக் காப்பி செய்யும் பதிப்பை எழுதி ஓடவிடுங்கள். வேகம் அப்புறம் வரட்டும்.

சரி, பிட்மேப் வந்துவிட்டது, ஒவ்வொரு டிரைவருக்கும் அதன் போர்ட்கள் மட்டும். முடிந்ததா? இல்லை. பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். போர்ட் எண்களைப் பிரித்துக் கொடுத்தால் சாதனங்களைப் பிரித்துக் கொடுத்ததாக ஆகாது. ஃபிளாப்பி கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று யாரிடம் ஃபிளாப்பி இருக்கிறது என்று கேட்காதீர்கள். க்யூஎமு என்ற கணினி எமுலேட்டரில் இருக்கிறது, நீங்களும் அதில்தான் சோதித்துப் பார்ப்பீர்கள். தவிர இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இனி வரும் போர்ட் எண்கள் எல்லாம் பதினாறடிமானத்தில்.

ஃபிளாப்பிக்கு 3எஃப்0 முதல் 3எஃப்7 வரை எட்டு போர்ட்கள் என்று பொதுவாக அட்டவணைகளில் இருக்கும். ஆனால் நடுவில் உள்ள 3எஃப்6, முதலாவது ஐடிஇ (பழைய வகை ஹார்ட் டிஸ்க் இணைப்பு) டிஸ்க்கின் கன்ட்ரோல் ரெஜிஸ்டர். அதில் ஒரு பிட்டை ஏற்றினால் டிஸ்க் ரீசெட் ஆகும். 'எட்டு போர்ட்கள்' என்று மொத்தமாகக் கொடுத்தால் ஃபிளாப்பி டிரைவர் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்த முடியும். பிட்மேப் ஒவ்வொரு போர்ட்டையும் தனியாகப் பார்ப்பது இங்கே உதவுகிறது: 3எஃப்0 முதல் 3எஃப்5 வரை, பிறகு 3எஃப்7, நடுவில் ஓட்டை. இன்னொன்று, 3எஃப்5-இல் டிரைவர் ஒரு பைட்டுக்குப் பதில் இரண்டு பைட் அவுட் போட்டால் அது 3எஃப்6-ஐயும் தொடும். சிபியூ இதைக் கவனிக்கிறது. அணுகும் அகலத்துக்கு ஏற்ப எல்லா பிட்டையும் சோதிக்கும். ஆனால் நீங்களே கர்னலில் சோதனை எழுதப் போகிறீர்கள் என்றால் (அதைப் பிறகு சொல்கிறேன்), தொடக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது.

இதோடு விடவில்லை. ஃபிளாப்பி தன் தரவை, சிபியூ இல்லாமலே நினைவகத்தோடு தரவு நகர்த்தும் பழைய 8237 டிஎம்ஏ சில்லின் சேனல் 2 வழியாக அனுப்பும். அதற்கு முகவரி 04-இல், அளவு 05-இல், மேல் முகவரி 81-இல், முறை 0பி-யில் எழுத வேண்டும். இந்த போர்ட்களையும் ஃபிளாப்பி டிரைவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? டிரைவர் விரும்பும் முகவரியை எழுதலாம். ஃபிளாப்பியில் இருக்கும் 512 பைட்களை நினைவகத்தின் முதல் 16 எம்பியில் எங்கு வேண்டுமானாலும் கொட்டலாம். உங்கள் கர்னல் அந்த 16 எம்பிக்குள்தான் இருக்கும். நினைவகத்தை யார் தொடலாம் என்று காக்கும் பேஜ் டேபிள் எதுவும் குறுக்கே வராது, ஏனென்றால் டிஎம்ஏ சிபியூ வழியாகப் போவதில்லை. ஆக, பார்க்க அப்பாவியான நான்கு பழைய போர்ட்களைக் கொடுத்து கர்னலையே கொடுத்துவிட்டீர்கள்.

இதற்கு வழி: 8237-ஐ எந்த டிரைவரிடமும் விடாதீர்கள். கர்னலிலோ நம்பகமான ஒரு தனி சர்வரிலோ வையுங்கள். டிரைவர் 'என் இந்த பஃபருக்கு, இத்தனை பைட், இந்தத் திசை' என்று கேட்கட்டும். அந்த பஃபர் அதற்குச் சொந்தமானதுதானா என்று சர்வர் பார்த்துவிட்டு எழுதட்டும்.

மெய்நிகர் கணினியில் இருந்தால் இன்னொரு கோணமும் உண்டு. 2015-இல் வெனம் என்ற பெயரில் பேசப்பட்ட ஓட்டை க்யூஎமுவின் இதே ஃபிளாப்பி எமுலேஷனில்தான். விருந்தினர் கணினிக்குள் ஃபிளாப்பி போர்ட்களை எழுதும் உரிமை உள்ள ஒருவர், தரவு போர்ட்டான 3எஃப்5-இல் குறிப்பிட்ட கட்டளைகளை அனுப்பி, எமுலேட்டரின் பஃபரைத் தாண்டி எழுத முடிந்தது. போர்ட்டின் மறுபக்கம் இருப்பது சில்லாகவே இருக்க வேண்டும் என்றில்லை, அது இன்னொரு புரோகிராமாகவும் இருக்கலாம்.

அடுத்த சிக்கல் இண்டெக்ஸ், டேட்டா என்று ஜோடியாக வரும் போர்ட்கள். சிமாஸ் கடிகாரம் 70, 71 ஆகிய இரண்டு போர்ட்களில் இருக்கிறது. 70-இல் எந்த ரெஜிஸ்டர் என்று எழுதி, 71-இல் படிக்கவோ எழுதவோ வேண்டும். ஒரே கதவுக்குப் பின்னால் 128 அறைகள். பிட்மேப்புக்குக் கதவுதான் தெரியும், அறை தெரியாது. நேரம் படிக்க மட்டும் அனுமதி, மற்ற அமைப்புகளைத் தொடக் கூடாது என்று பிட்மேப்பில் சொல்ல வழியே இல்லை. அதோடு 70-இன் மேல் பிட் என்எம்ஐ என்ற அவசர இன்டரப்டை அணைக்கும் சுவிட்ச். கடிகாரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பழைய வடிவமைப்பாளர்கள் இடம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இரண்டு புராசஸ்களுக்கு இந்த ஜோடியைக் கொடுத்தால் போட்டியும் வரும்: ஒன்று 70-இல் எழுதி முடித்ததும் மற்றது ஓடத் தொடங்கி வேறு எண்ணை எழுதிவிட்டால், முதலாவது 71-இல் எழுதுவது தவறான அறையில் போய் விழும்.

சிஎஃப்8, சிஎஃப்சி ஜோடி இதைவிடப் பல மடங்கு ஆபத்து. பிசிஐ (கணினியில் அட்டைகளை இணைக்கும் பஸ்) சாதனங்கள் அனைத்தின் கான்ஃபிகரேஷனும் அதன் பின்னால்தான். அதைக் கையில் வைத்திருக்கும் டிரைவர் தன் சாதனத்தின் பிஏஆரை (அதன் போர்ட், முகவரி இருக்கும் இடத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர்) மாற்றி எழுதி, அதன் போர்ட் ஜன்னலை இன்னொரு சாதனத்தின் மேல் நகர்த்தலாம். நீங்கள் கவனமாகப் போட்ட பிட்மேப் அப்படியே இருக்கும், அதன் பொருள் மட்டும் மாறிப்போயிருக்கும். சாதனம் தானே நினைவகத்தைத் தொட அனுமதிக்கும் பஸ் மாஸ்டரிங் பிட்டை ஏற்றி டிஎம்ஏவையும் தொடங்கலாம். இந்த இரண்டு போர்ட்களும் எந்த டிரைவருக்கும் கிடையாது என்று கர்னலிலேயே கடினமாக எழுதிவிடுங்கள். அதே பட்டியலில் சேர்க்க வேண்டியவை இன்னும் சில: இன்டரப்ட் கன்ட்ரோலரின் 20, 21, ஏ0, ஏ1; டைமரின் 40 முதல் 43 வரை; கணினியை ரீசெட் செய்யும் சிஎஃப்9, 92; கர்னலுக்கும் மேலான உரிமையுள்ள ஃபர்ம்வேரின் எஸ்எம்எம் குறியீட்டைக் கூப்பிடும் பி2. கீபோர்டு கன்ட்ரோலரின் 64-ஐ கீபோர்டு டிரைவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதில் எஃப்இ என்று எழுதினால் கணினி ரீசெட் ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். எந்த போர்ட் என்பதோடு எந்த மதிப்பு என்பதையும் சோதிக்க வேண்டிய இடம் அது, பிட்மேப்பால் அது முடியாது.

எனவே இன்னொரு வழி: இன், அவுட்டை டிரைவருக்கே கொடுக்காமல், கர்னல் காலாக மாற்றுவது. டிரைவர் 'இந்த போர்ட்டில் இந்த பைட்டை எழுது' என்று கேட்கும். கர்னல் அனுமதிப் பட்டியலைப் பார்த்து எழுதும். மினிக்ஸ் 3 என்ற மைக்ரோகர்னல் இயங்குதளம் இப்படித்தான். டிரைவர் ஒவ்வொன்றுக்கும் எந்த போர்ட்கள், எந்த இன்டரப்ட், எந்த பிசிஐ சாதனம், எந்தக் கர்னல் கால்கள் என்று ஒரு அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும். பிசிஐ சாதனமாக இருந்தால் இன்னும் அழகு: டிரைவர் பிசிஐ சர்வரிடம் 'இந்தச் சாதனம் எனக்கு' என்று பதிவு செய்யும், சர்வர் அதன் பிஏஆர்களைப் பார்த்து, அதிலுள்ள போர்ட் வரம்புகளை அந்த டிரைவரின் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கர்னலைக் கேட்கும். டிரைவர் எழுதுபவர் போர்ட் எண்ணையே குறிப்பிட வேண்டியதில்லை. எஸ்இஎல்4 என்ற மைக்ரோகர்னலில் இதே எண்ணம் கேப்பபிலிட்டி (அனுமதிச் சீட்டு) வடிவில் இருக்கிறது. முதல் எண், கடைசி எண் கொண்ட ஒரு போர்ட் கேப்பபிலிட்டியை உருவாக்கி டிரைவருக்குக் கொடுப்பார்கள். அதைக் காட்டிக் கர்னலை அழைத்தால்தான் படிக்கவோ எழுதவோ முடியும்.

ஒவ்வொரு பைட்டுக்கும் கர்னல் கால் என்றால் வேகம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸின் வேகத்துக்கு அமைந்த சாதனங்களில் ஒரு இன் கட்டளை முடியவே ஏறத்தாழ ஒரு மைக்ரோசெகண்ட் ஆகிறது. அதன் முன்னால் சிஸ்டம் காலின் செலவு சிறியது. மொத்தமாகத் தரவு நகரும் இடம்தான் பிரச்சினை: ஐடிஇ டிஸ்க்கில் ஒரு செக்டார் படிக்க 1எஃப்0-இல் 16 பிட் வீதம் 256 தடவை இன் போட வேண்டும். அதற்கு மினிக்ஸ் போலவே, 'இந்த போர்ட்டிலிருந்து இத்தனை பைட்டை இந்த பஃபரில் நிரப்பு' என்ற ஒரு காலும், பல போர்ட் எழுத்துகளை ஒரே தடவையில் அனுப்பும் இன்னொரு காலும் வைத்துவிடுங்கள்.

என் ஓட்டு கர்னல் காலுக்குத்தான். இன்னொரு காரணமும் உண்டு: கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது. கர்னல் கால் முறையில் பட்டியலிலிருந்து நீக்கினால் அடுத்த அழைப்பிலேயே மறுப்பு. பிட்மேப்பில் அப்படி இல்லை. டிரைவரின் இன்னொரு திரெட் வேறு சிபியூவில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த சிபியூவின் டிஎஸ்எஸ்ஸில் பழைய காப்பி உட்கார்ந்திருக்கும். அதற்கு இன்டரப்ட் அனுப்பித் திருத்த வேண்டும். லினக்ஸ் இந்தத் தலைவலியை ஒதுக்கிவிட்டது: ஐஓபெர்ம் (குறிப்பிட்ட போர்ட்களைக் கேட்கும் சிஸ்டம் கால்) அழைத்த திரெட்டுக்கு மட்டுமே அனுமதி, மற்றவர் அதைப் பறிக்க வழியில்லை. பிட்மேப்பைப் பிறகு, அளந்து பார்த்து, வேகம் தேவைப்படும் ஓரிரு டிரைவர்களுக்கு மட்டும் சேர்க்கலாம். இரண்டும் ஒரே அனுமதிப் பட்டியலிலிருந்து வரட்டும்.

இன்டரப்ட் பற்றிச் சுருக்கமாக. ரிங் 3 டிரைவர் சாதனத்திடம் போய் 'பார்த்துவிட்டேன்' என்று சொல்லும்வரை லெவல் வகை இன்டரப்ட் கோடு அழைத்துக்கொண்டே இருக்கும். கர்னல் அந்தக் கோட்டை மாஸ்க் செய்து, அதாவது தற்காலிகமாக மூடிவிட்டு டிரைவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். டிரைவர் வேலையை முடித்து 'திற' என்று சொன்னபின் திறக்க வேண்டும். கோட்டை இரண்டு சாதனங்கள் பகிர்ந்தால், ஒரு டிரைவர் தூங்கிவிட்டால் மற்றதும் பட்டினி. முடிந்தவரை எம்எஸ்ஐ (கோடு இல்லாமல் செய்தியாக வரும் இன்டரப்ட்) உள்ள சாதனங்களைத் தேர்ந்தெடுங்கள், அதில் பகிர்வு கிடையாது.

பிசிஐ சாதனங்களில் டிஎம்ஏவுக்கு ஒரே நேர்மையான பதில் ஐஓஎம்எம்யூ. இன்டெலில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ. சாதனம் எந்த முகவரிகளைத் தொடலாம் என்பதற்கு அங்கே தனிப் பேஜ் டேபிள் இருக்கும். அது இல்லாத கணினியில், டிஎம்ஏ செய்யும் சாதனத்தின் டிரைவரை நீங்கள் முழுதாக நம்புகிறீர்கள் என்றுதான் பொருள், அது எந்த ரிங்கில் ஓடினாலும் சரி. அங்கே பஸ் மாஸ்டர் பிட்டைச் சர்வர் கையில் வைத்து, நம்பாத டிரைவர்களுக்கு அதை ஏற்ற மறுக்கலாம். டிஸ்க்கை, சிபியூவே போர்ட் வழியாகத் தரவைப் படிக்கும் மெதுவான பிஐஓ முறையில் ஓட்ட வேண்டி வரும், பரவாயில்லை.

லினக்ஸ் பக்கம் வருவோம். அங்கே நேரடி போர்ட் அணுகல் கடைசி வழியாகவே இருக்கட்டும். பேரலல் போர்ட்டின் 378-ஐத் தொட வேண்டும் என்றால் பிபிடெவ் டிரைவர் இருக்கிறது; /டெவ்/பார்போர்ட்0-ஐத் திறந்து உரிமை கோரிவிட்டு எழுதலாம், ரூட் வேண்டாம், அந்தக் கோப்பின் குழுவில் பயனரைச் சேர்த்தால் போதும். கடிகாரம், சென்சார், சீரியல் எல்லாவற்றுக்கும் இதுபோல ஒரு வழி ஏற்கெனவே உண்டு. பிசிஐ அட்டை என்றால் விஎஃப்ஐஓ. 2012-இல் லினக்ஸ் 3.6-இல் வந்தது. ஐஓஎம்எம்யூ குழுவோடு சாதனத்தை ஒப்படைக்கிறது. அதன் போர்ட் பிஏஆரைக் கோப்பைப் போலப் படித்து எழுதலாம், வரம்பைத் தாண்டினால் கர்னல் விடாது. அதற்கு முந்தைய யுஐஓவில் டிஎம்ஏ காவல் இல்லை; டிஎம்ஏ செய்யாத தொழிற்சாலை அட்டைகளுக்கு அது போதும். இவை எதுவும் பொருந்தாத பழைய ஐஎஸ்ஏ அட்டைக்குத்தான் ஐஓபெர்ம். புரோகிராம் தொடங்கியதும் தேவையான எண்களை மட்டும் கேட்டுவிட்டு, உடனே ரூட் உரிமையை விட்டுவிடுங்கள்; கிடைத்த போர்ட்கள் போகாது. செக்யூர் பூட் போட்ட கணினிகளில் பல விநியோகங்கள் கர்னல் லாக்டவுனை இயக்கிவிடும், அப்போது ரூட்டுக்கே ஐஓபெர்ம் மறுக்கப்படும். சிலர் லாக்டவுனை அணைத்துவிடுங்கள் என்று யோசனை சொல்வார்கள். உங்கள் மேசைக் கணினியில் செய்யுங்கள், வாடிக்கையாளரிடம் போகும் கணினியில் வேண்டாம்.

விண்டோஸில் கவனிக்க வேண்டிய ஒன்று, எந்த புரோகிராம் கேட்டாலும் எல்லா போர்ட்டையும் கொடுக்கும் சிறு டிரைவர்கள். 1996-இல் கிவ்ஐஓ என்ற ஒன்று பிரபலமானது; எதைத் தொடலாம் என்று பார்க்காமல் பிட்மேப் முழுவதையும் திறந்துவிடும். விசிறி வேகம் காட்டும் கருவிகள் பலவற்றோடு வந்த வின்ரிங்0-வும் அதே ரகம். போர்ட்டோடு நிற்காமல் சிபியூவின் உள் அமைப்புகளான எம்எஸ்ஆர்களையும் பிசிஐ கான்ஃபிகரேஷனையும் சேர்த்துக் கொடுத்தது. அதைத் தீம்பொருள்களும் பயன்படுத்திக்கொண்டன. கையெழுத்திட்ட டிரைவர் என்பதால் நல்ல டிரைவர் ஆகிவிடாது.

ஏஆர்எம், ரிஸ்க்-வி பக்கம் போனால் போர்ட்களே இல்லை, எல்லாம் நினைவக முகவரிதான். பேஜ் டேபிளே காவல் என்பதால் எளிது. ஆனால் அளவு பெரிது, வழக்கமாக 4 கேபி. ஒரே பக்கத்தில் இரண்டு சாதனங்களின் ரெஜிஸ்டர்கள் இருந்தால் பிரிக்க முடியாது. ரிங் 3-இல் இன், அவுட் போடும் வசதியையே நீக்க இன்டெல் 2023-இல் எக்ஸ்86-எஸ் என்ற திட்டத்தில் முன்மொழிந்தது. 2024 டிசம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. ஆகவே பிட்மேப் இப்போதைக்குப் போகாது. ஆனாலும் கர்னல் கால் முறையில் எழுதினால் அது போனாலும் உங்கள் டிரைவர்கள் ஓடும்.

கடைசியாக, சோதிப்பது. வேண்டுமென்றே கெட்ட டிரைவர் ஒன்றை எழுதுங்கள். 0 முதல் எஃப்எஃப்எஃப்எஃப் வரை ஒவ்வொரு போர்ட்டையும் ஒரு பைட், இரண்டு பைட், நான்கு பைட் அகலங்களில் தொடட்டும். அனுமதித்தவை தவிர எல்லாமே மறுக்கப்பட வேண்டும். உண்மைக் கணினியில் ஓட்டாதீர்கள், சில போர்ட்களைப் படிப்பதே சாதனத்தின் நிலையை மாற்றிவிடும், க்யூஎமு போதும். அப்புறம் டிரைவரை டிஎம்ஏ நடுவில் கொன்று பாருங்கள். புராசஸ் போய்விடும், சாதனம் எழுதுவதை நிறுத்தாது. அதன் பக்கங்களை வேறு புராசஸுக்குக் கொடுப்பதற்கு முன் பஸ் மாஸ்டர் பிட்டை இறக்கி, இன்டரப்டை மாஸ்க் செய்து, போர்ட் அனுமதியை நீக்குவது கர்னலின் வேலை. புதிய டிரைவரை எழுப்புவது அதற்குப் பிறகுதான்.